கம்பவுண்டர் கட்டிய கப்பல்

நடுப் பாய்மரம் நேராக நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

தராசுக்காரர் அதைக் குழியில் இறக்குவார், ஆப்பு வைப்பார், பின்னால் நகர்ந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். கூரையிலிருந்து தொங்கவிட்ட தூக்குக்குண்டின் நூலோடு மரம் ஒட்டி நிற்கும், கப்பலோடு ஒட்டாது. கப்பலோடு ஒட்டவைத்தால் நூலைவிட்டு விலகிக்கொள்ளும். இரண்டையும் சமாதானம் செய்து வைக்கப் பார்த்ததில் அவருடைய இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம்.

"என்னங்க, சாப்பிட வர்றீங்களா, இல்ல கப்பல்லயே சாப்பாடு போட்டுட்டாங்களா?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"வர்றேன்."

"இதோட நாலாவது வர்றேன். சாப்பாடு ஆறி, திரும்பச் சூடு பண்ணி, அதுவும் ஆறியாச்சு."

சாப்பிடுவதற்கு அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை. கப்பல் நின்ற மேஜைதான் சாப்பாட்டு மேஜையும். முன்மூக்கு ஊறுகாய் ஜாடிகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மேஜையின் நீளத்துக்கு ஒரு பாதி கப்பலுக்கு, மறுபாதி மனிதர்களுக்கு என்று வருடக்கணக்கில் பாகப்பிரிவினை ஆகியிருந்தது. உறவுக்காரர்கள் வந்தால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, "தண்ணியில எப்போ எறக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. இப்போது எதுவும் வருவதில்லை.

அவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி இறங்கி, தராசின் முள்ளைத் தட்டிப் பார்த்து, படிக்கல்லின் அடியில் ஈயம் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது அவர் வேலை. மாமனாரின் கடைக்கே முத்திரை மறுத்தவர் என்று பெயர். மாமனார் சில காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தவர் இவர். அன்றிலிருந்து சொந்தத்தில் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர்தான். சொந்தப் பெயரைச் சொன்னால் யாரென்று யோசிப்பார்கள்.

கப்பல் அவருடைய ஆசை கிடையாது. அது அப்பாவுடையது.

அப்பா மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவர். பொடியை மடித்தால் ஒரு சிட்டிகை கூடாது, குறையாது. அந்தக் கையால் சாமணம் என்கிற சின்ன இடுக்கியைப் பிடித்து, அந்தக் காலத்துப் பாய்மரப் போர்க்கப்பல்களைச் சின்னதாக மரத்தில் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒவ்வொரு விலாச்சட்டமும் தனித்தனியாக அறுத்தது, ஒவ்வொரு பலகையும் நீராவியில் வளைத்து ஒட்டியது. அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் கப்பல் மாதிரிக் கழகம். அந்த மூவரில் ஒருவர் பல் டாக்டர். இப்போது அவர்தான் செயலாளர்.

அப்பா போன அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, பல் டாக்டர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கழகத்துக்குப் புதுக் கூடம் கட்டறோம். ஆரம்பிச்சவங்க நாலு பேருக்கும் ஆளுக்கொரு பெரிய கப்பல் வைக்க நடுவுல இடம் விட்டிருக்கோம். உங்கப்பாவோட அந்த எழுபத்து நாலு பீரங்கிக் கப்பல் வெறும் எலும்புக்கூடாத்தானே நின்னுபோச்சு? நான் கடைசியா வந்தப்போ விலா மட்டும்தான் நின்னுச்சு. பரவாயில்ல. ஒரு போட்டோ குடுங்க, வச்சுடலாம்."

அந்தப் 'பரவாயில்ல'தான் சுருக்கென்று தைத்தது. மற்ற மூவருக்கும் கப்பல், அப்பாவுக்குப் போட்டோவா?

"போட்டோ வேணாம்," என்றார் தராசுக்காரர். பக்கத்தில் சித்தப்பாக்கள், மாமாக்கள், சம்பந்திகள் என்று அத்தனை பேரும் நின்றார்கள். "கப்பலே வரும்."

சொன்ன சொல்லுக்கு நான்கு சாட்சி இருந்தாலே தூக்கம் போய்விடும் அவருக்கு. இதற்கு நாற்பது சாட்சி.

இதே மேஜையில் அப்பா மூடிவைத்திருந்த கப்பலின் துணியை எடுத்துப் பார்த்தபோது ஓர் ஆறுதல் இருந்தது. பல் டாக்டர் சொன்னது போல அது எலும்புக்கூடாக இல்லை. இரண்டு பக்கமும் பலகை போட்டு முடித்திருந்தது. மேல்தளம், பீரங்கி, பாய்மரம், கயிறு எல்லாம்தான் பாக்கி. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, அதனால் நிறுத்திவிட்டார் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். சரி, கடினமான பாதி முடிந்தது, மிச்சத்தை ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். மிச்சம் அவரை முடித்துக்கொண்டிருந்தது. பீரங்கி ஒவ்வொன்றையும் கடைந்து, கறுப்பு ஏற்றி, வண்டியில் உட்காரவைத்து, பின்னால் கயிறு கட்டி. ஒன்று முடிந்தால் அடுத்தது, அதே மாதிரி, ஒரு மயிரிழை பிசகாமல். விரல் நுனியில் பசை ஏறித் தோல் உரிந்து ரேகையே போய்விட்டது. ஆசைப்பட்டு எடுத்த வேலையில் வரும் களைப்பைத் தூங்கித் தீர்க்கலாம். வாக்குக்காக எடுத்த வேலையின் களைப்பு தூங்கி எழுந்தாலும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது கூடம் திறக்கப்போகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கப்பலைப் பார்க்கப் பல் டாக்டர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த நேரம் பார்த்துத்தான் பாய்மரம் அடம்பிடித்தது.

சாப்பிட்டு முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டார். "இந்த நூலோட ஒரு நுனியப் பிடி."

"எதுக்கு?"

"பிடின்னா பிடி."

கப்பலைத் தாங்கியிலிருந்து தூக்கி, மேஜை ஓரத்தில் மடித்த போர்வைமேல் சாய்த்தார். அடிக்கட்டை வெளியே தெரிந்தது. கப்பலுக்கு முதுகெலும்பு அதுதான். முன்மூக்கிலிருந்து பின்பக்கம் வரை ஒரே நேராக ஓட வேண்டிய மரம். நூலின் ஒரு நுனியை மனைவி முன்மூக்கில் வைத்துப் பிடிக்க, மறுநுனியை இவர் பின்பக்கத்தில் வைத்து இழுத்தார்.

நூல் நேராக இருந்தது. மரம் நேராக இல்லை. நடுவில் ஒதுங்கி, வில் போல ஒரு பக்கமாக விலகியிருந்தது. நூலுக்கும் மரத்துக்கும் நடுவே அவருடைய சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

"என்னங்க, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?"

"நூலை விடு."

"எந்தப் பக்கம் விட?"

"விட்டுத் தொலை!"

அவள் நூலை அவர்மேலேயே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஊரில் இருந்த தராசையெல்லாம் தட்டிப் பார்த்தவர், அப்பாவின் கப்பலை ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. அப்பா செய்தது என்றால் சரியாகத்தான் இருக்கும். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்து முத்திரை குத்துவார்களா?

டார்ச்சை எடுத்துப் பீரங்கி ஜன்னல்கள் வழியாக உள்ளே அடித்துப் பார்த்தார். இடப்பக்கம் பசை கறுத்துப் பழுத்திருந்தது. பலகைக்குப் பலகை இடைவெளியே இல்லை. ஒவ்வொரு விலாவிலும் கிளிப் கடித்த தடம் ஒரே ஆழத்தில் இருந்தது. அப்பா கை. வலப்பக்கமும் அப்பா கைதான், ஆனால் அவசரக் கை. பசை வேறு நிறம். அங்கங்கே வழிந்து சொட்டியிருந்தது. பார்த்தவுடனே புரிந்துவிட்டது. இடப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை முழுசாக மூடி, அது காய்ந்து, நாள் கடந்து, அதற்குப் பிறகுதான் வலப்பக்கத்தைத் தொட்டிருக்கிறார். ஒரு பக்கத்துப் பலகைகள் காயும்போது சேர்ந்து இழுத்திருக்கின்றன. மறுபக்கத்தில் எதிர்த்து இழுக்க ஆள் இல்லை. முதுகெலும்பு வளைந்துவிட்டது.

இந்தத் தப்பைச் செய்யாமல் இருக்க ஒரே ஒரு விதிதான். வலது ஒன்று, இடது ஒன்று. இந்தப் பக்கம் ஒரு பலகை வைத்தால் அந்தப் பக்கம் ஒரு பலகை வைக்க வேண்டும். கப்பல் கட்டத் தொடங்கும் ஆளுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இது. கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சலிக்கவைத்தவரே அப்பாதான். வீட்டிலும் விடமாட்டார். பிள்ளைகளில் ஒருவனுக்கு ஒரு திட்டு விழுந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் மற்றவளுக்கும் ஒன்று விழும். "நான் என்ன பண்ணேன்?" என்று தங்கை கேட்டால், "ஒண்ணும் பண்ணல. கப்பல் சாயக்கூடாது," என்பார்.

அப்படிப்பட்டவரா?

தராசுக்காரருக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்கார்ந்தார். பல் டாக்டர் வருவார். பின்பக்கத்தில் முகவாயை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பார்த்தவுடன் தெரிந்துவிடும். 'கம்பவுண்டருக்குக் கடைசியில கைப்பக்குவம் போயிடுச்சு போல' என்று கழகத்தில் ஒருவர் சொல்வார். 'ஆரம்பத்திலிருந்தே அவருக்குப் பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி' என்று இன்னொருவர் சொல்வார். இறந்துபோன மனிதரால் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா? மகன்தான் சொல்ல வேண்டும். மகனுக்கே பதில் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை தங்கை வந்தபோது, அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, மேல் வரிசைப் பலகை ஒன்றின் விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பசை இளகினால் பலகையை உரிக்கலாம். எல்லாவற்றையும் உரித்து, அடிக்கட்டையை நிமிர்த்தி, முதலிலிருந்து போடலாம். எத்தனை வருடம் ஆகும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது.

தங்கையை வரவழைத்தது மனைவியின் வேலை. "நீயாச்சும் வந்து சொல்லு, என் பேச்சு இந்த வீட்ல எடுபடாது," என்று போனில் சொல்லியிருக்கிறாள்.

"அண்ணா, கையை எடு."

"வா. உக்காரு."

"உக்கார்றது இருக்கட்டும். கையை எடுன்றேன். அது அப்பா வச்ச பலகை."

"தெரியும். அப்பா தப்பா வச்ச பலகை."

"ஓகோ. நீ அப்பாவுக்கே முத்திரை குத்த மாட்டியா?"

"நாளைக்கு அந்தப் பல் டாக்டர் வந்து நிப்பார். நீயா பதில் சொல்வே?"

"நாளைக்குள்ள நீ கப்பலை உரிச்சு வச்சா மட்டும் கைதட்டிட்டுப் போவாரா?"

"உரிச்சு நிக்கற கப்பல்ல யார் பண்ண தப்பும் தெரியாது," என்றார் அவர். "இன்னும் முடியலன்னு சொல்லிக்கலாம்."

மனைவி வாசலில் சாய்ந்து நின்றாள். "இன்னும் முடியல, இன்னும் முடியல. என் கல்யாணத்துல எடுத்த போட்டோவெல்லாம் வெளுத்துப்போச்சு, இது இன்னும் முடியல. எனக்கு இந்த ஜென்மத்துல முழு மேஜைல உக்காந்து சாப்பிடக் குடுப்பினை கிடையாது."

"அண்ணி, நீங்க கொஞ்சம் இருங்க." தங்கை கைப்பையை வைத்துவிட்டு, பஞ்சை அவர் கையிலிருந்து பிடுங்கித் தட்டில் போட்டாள். "தப்பு தப்புன்றியே, எப்படி ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"இடப்பக்கத்தை முழுசா மூடிட்டு, அப்புறம் வலப்பக்கம் போயிருக்கார்."

"ஏன்?"

"அதான் தெரியல. சின்னப் பிள்ளை கூடச் செய்யாது."

தங்கை மேஜையைச் சுற்றிவந்து, கப்பலின் இடப்பக்கம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு இங்க."

உட்கார்ந்தார்.

"எதிர்ல என்ன தெரியுது?"

"கப்பல் தெரியுது."

"கப்பலுக்கு மேல."

"ஜன்னல்."

"ஜன்னலுக்குக் கீழ என்ன இருந்துச்சு, சொல்லு."

ஜன்னலுக்குக் கீழே இப்போது செருப்பு அலமாரி இருந்தது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று அவருக்கு நினைவில்லை.

"உனக்குத் தெரியாது. நீ அப்போ மாத்தலாகி வெளியூர்ல கிடந்தே. நீ வந்து பாத்தப்பல்லாம் அம்மா உள்ரூம்லதான் படுத்திருந்தா. கடைசி ரெண்டு மூணு மாசம் அங்க காத்து வரலன்னு கட்டிலை இங்க கொண்டுவந்து போட்டோம், ஜன்னலுக்குக் கீழ. அப்பா நீ உக்காந்திருக்கற இடத்துல உக்காருவார். இங்கேருந்து பாத்தா அம்மா மூஞ்சி நேரா தெரியும். அவ கண்ணைத் திறந்தா போதும், இவர் கையில இருக்கறதைக் கீழ வச்சுடுவார். வலப்பக்கத்துக்குப் பலகை வைக்கணும்னா அந்தப் பக்கம் போய் உக்காரணும். அம்மாவுக்கு முதுகைக் காட்டிட்டு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "உக்காரவே இல்ல, அண்ணா. ஒரு நாள் கூட உக்காரல."

தராசுக்காரர் செருப்பு அலமாரியையே பார்த்தார். பிறகு, பழக்கம் விடாமல் கேட்டார். "கப்பலைத் திருப்பி வச்சிருக்கலாமே?"

"கப்பல் கட்டற பணிப்பலகையோட சேத்து மேஜையில திருகாணி போட்டு இறுக்கியிருந்துச்சு. கழட்டித் திருப்பி மாட்ட அரை நாள் ஆகும். அவருக்கு ஏது அரை நாள்? வாயில தண்ணி ஊத்தறதுக்கும் புரட்டிப் படுக்கவைக்கறதுக்கும் நடுவுல ஒரு பலகை வைப்பார். நானே கேட்டேன். 'வலது ஒண்ணு இடது ஒண்ணுன்னு எங்க உசிரை எடுப்பியே, இப்போ என்ன'ன்னு."

"என்ன சொன்னார்?"

"'சும்மா இரு'ன்னார்."

மனைவி வாசலில் சாய்ந்திருந்தவள், நிமிர்ந்து நின்றாள்.

"அம்மா போனப்புறம் அந்தப் பக்கம் போய் உக்காந்தார்," என்றாள் தங்கை. "ஒரே மூச்சா மூடினார். பணிப்பலகையிலேருந்து கழட்டின அன்னிக்கு, பின்னாடி நின்னு ஒத்தக் கண்ணால பாத்தார். துணியைப் போட்டு மூடிட்டு வந்து, 'கண்ணு போயிடுச்சும்மா'ன்னார். கண்ணு போன மனுஷன் அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் கண்ணாடி இல்லாம பேப்பர்ல ஒரு துணுக்கு விடாம படிச்சார்."

பாய்மரம் நட்டால்தான் வளைவு வெளியே தெரியும். அதனால்தான் நடவில்லை. தராசுக்காரர் இளகிப்போயிருந்த அந்த ஒற்றைப் பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். சாமணத்தால் தூக்கி, அடியில் புதுப் பசை தடவி, மறுபடி அதன் இடத்திலேயே பதித்துக் கிளிப் மாட்டினார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லிடலாம், அண்ணா," என்றாள் தங்கை. "கேட்டா அவருக்கே கண்ணு கலங்கிடும். தப்புன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

"யாரும் கலங்க வேணாம்."

"ஏன், நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான். நம்ம வீட்டு விஷயம்." அவர் குரல் உயரவில்லை, முதுகுதான் நிமிர்ந்தது. "அம்மா படுத்துக் கிடந்த கட்டிலைத் தூக்கிட்டுப் போய்க் கூடத்து நடுவுல வைக்கணுமா? வர்றவன் போறவன் எல்லாம் நின்னு உச்சுக் கொட்டிட்டுப் போகவா? அப்பாவே உன்கிட்ட 'சும்மா இரு'ன்னுதான் சொல்லியிருக்கார். சும்மா இரு."

தங்கை பஞ்சுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சில வீடுகளில் சில சொற்கள் கதவுபோலச் சாத்திக்கொள்ளும்; சாத்திய கதவை அந்த வீட்டுப் பெண்கள் தட்டிப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். சட்டைப் பையில் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. பழக்க தோஷம், எதைப் பார்த்தாலும் அதை வைத்துத்தான் பார்ப்பார். மனைவி கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, கப்பலின் முன்னால் குனிந்து, பீரங்கி ஜன்னல் ஒவ்வொன்றிலும் கண்ணாடியை நுழைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாயைத் திறக்கச் சொல்லுவார் போல," என்று மனைவி தங்கையின் காதில் சொன்னாள்.

"பீரங்கியெல்லாம் நீங்களே கடைஞ்சதா?"

"ஆமா."

"பிரமாதம். வண்டிச் சக்கரத்துல அச்சாணி கூட வச்சிருக்கீங்களே! இதை யார் பாக்கப்போறா?"

"நீங்க பாத்துட்டீங்களே."

பல் டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பின்பக்கம் போய், முகவாயை மேஜையில் ஊன்றி, ஒரு கண்ணை மூடினார். சிரிப்பு மெல்ல அணைந்தது. இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, கண்ணாடியைப் பையில் வைத்தார். அவர் கஷ்டப்பட்டு நிமிர்ந்த விதத்திலேயே எல்லாம் தெரிந்தது. அவருக்கும் வயதாகிவிட்டது.

"அடிக்கட்டை வளைஞ்சிருக்கே."

"வளைஞ்சிருக்கு."

"பலகை யார் போட்டது?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தங்கை அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

கணவராக, அண்ணனாக, அதிகாரியாக அந்த மனிதர் ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. மாமனாருக்காகச் சொல்லாத பொய். வேலையில் மேலதிகாரி கேட்டும் சொல்லாத பொய்.

"நான்தான்," என்றார்.

"நீங்களா?"

"நீங்கதான் பாத்தீங்களே, அப்பா இருந்தப்போ விலா மட்டும்தான் நின்னுச்சு. பலகையெல்லாம் நான் போட்டது."

பல் டாக்டர் இடப்பக்கம் வந்து, பலகைமேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவினார். நெடுநேரம் தடவினார். "இந்தப் பக்கம் நல்ல கையா இருக்கே. இவ்வளவு தெரிஞ்ச கை, நடுவுல அந்தப் பக்கம் ஏன் போகல? வலது ஒண்ணு இடது ஒண்ணுன்னு உங்கப்பா எங்க காதெல்லாம் ஓட்டை போட்டாரே. உங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னார். அந்தப் பக்கம் உக்கார எனக்கு வசதிப்படல."

"வசதிப்படலையா!" பல் டாக்டருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "என்னங்க இது? இவ்வளவு பெரிய கப்பலை... கம்பவுண்டர் கையில இப்படி ஒண்ணு நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது," என்றார் தராசுக்காரர்.

அதைச் சொன்னபோது அவருக்கு நெஞ்சில் ஏதோ இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. தராசில் கடைசிப் படிக்கல்லை வைத்ததும் முள் அலைவதை நிறுத்துமே, அப்படி.

"நடுவுல வைக்க முடியாதுங்க," பல் டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "சங்கடமாத்தான் இருக்கு. ஆனா வர்றவங்க எல்லாம் கப்பல் கட்டறவங்க. பாத்த உடனே கண்டுபிடிப்பாங்க, கம்பவுண்டர் பேருதான் கெடும். பழகறவங்க செஞ்சதுக்குன்னு ஓரத்துல ஒரு அலமாரி இருக்கு. உங்க பேர்ல வேணா அங்க..."

"வேணாம்."

"அப்போ அவர் இடம்?"

தராசுக்காரர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாற்பது சாட்சிகளும் வரிசையாக முன்னால் வந்து நின்றார்கள். சித்தப்பாக்கள், மாமாக்கள், சம்பந்திகள். கூடம் திறக்கும் நாளில் அத்தனை பேரும் வருவார்கள். அவர் சொன்ன கப்பல் எங்கே என்று பார்ப்பார்கள்.

"போட்டோ வச்சுடுங்க," என்றார்.

தங்கை உள்ளே போய் எடுத்துவந்தாள். மருத்துவமனையில் யாரோ எடுத்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து, அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு திரும்பி ஒரு தடவை கப்பலைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் போல இருந்தது. கேட்கவில்லை. போட்டோவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாசல் கதவு சாத்தியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "நல்லாருக்குங்க. சோறு தண்ணி இல்லாம இத்தனை வருஷம் மாரடிச்சுட்டு, கடைசியில பழகறவர்னு பேர் வாங்கிக்கிட்டீங்க."

"வாங்கிக்கிட்டா என்ன? நான் பழகறவன்தானே?"

"சித்தப்பா கேட்டா என்ன சொல்லப்போறீங்க?"

"எனக்குச் செய்ய வரலன்னு சொல்லிடு."

"உங்களுக்கு வரலன்னு என் வாயால சொல்லணுமா?" தங்கை, "வாங்க அண்ணி, எனக்குப் பசிக்குது," என்று அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த தூக்குக்குண்டை அவிழ்த்தார். நூலைச் சுற்றிப் பெட்டியில் போட்டார். நடுப் பாய்மரத்தை எடுத்துக் குழியில் இறக்கி, இந்தத் தடவை எந்த நூலையும் பார்க்காமல், கப்பல் போன போக்கிலேயே நிறுத்தி, ஆப்பு வைத்துப் பசை விட்டார். அது மறுபேச்சுப் பேசாமல் நின்றது.

உள்ளேயிருந்து தட்டுகளோடு வந்த மனைவி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "கோணலா நிக்குதே."

"வீட்டுக்குத்தான் கோணல். கப்பலுக்கு நேர்."

"இனிமே இது யாருக்கு?"

கயிறு கட்டும் வேலை முழுசாகப் பாக்கி இருந்தது. கயிற்றேணிகள், முடிச்சுகள், இன்னும் எத்தனையோ. ஆனால் நாளைக்கே முடிக்க வேண்டும் என்று யாரும் எங்கேயும் காத்திருக்கவில்லை. இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பசை காயும்வரை மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று கையை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் கை தானாக மேஜையில் இறங்கியது. தலையும் பின்னாலேயே இறங்கியது.

"தூங்கிட்டாரா?" என்றாள் தங்கை.

"எழுப்பாதே," என்றாள் மனைவி.

அவள் செருப்பு அலமாரியை ஓசைப்படாமல் ஓரமாக நகர்த்திவிட்டு, ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கப்பலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். நடுநடுவே நிமிர்ந்து, கப்பலுக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.